தொப்பையும் சர்க்கரையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தியாவில் சுமார் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. இன்னும் 13 கோடியே 60 லட்சம் பேர் அதற்கு முந்தைய நிலையில் இருக்கிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துடன் சேர்ந்து சென்னையில் உள்ள மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் நாடு முழுக்க நடத்திய ஆய்வு சொல்லும் கணக்கு இது, 2023-இல் வெளியானது. அந்த ஆய்வில் இன்னொரு கணக்கும் உண்டு. உயரத்தையும் எடையையும் வைத்துப் பார்த்தால் பெரியவர்களில் 28.6 சதவீதம் பேருக்குப் பருமன். இடுப்பைச் சுற்றி அளந்து பார்த்தால் 39.5 சதவீதம். எடை மெஷினில் தப்பித்த பலர் இஞ்சி டேப்பில் மாட்டிக்கொண்டார்கள். கீழே உள்ள பதில்களில் பாதி இந்த வித்தியாசத்தைப் பற்றியதுதான்.

எடை கூடினால் சர்க்கரை நோய் ஏன் வருகிறது? இனிப்பு சாப்பிட்டால்தானே வரும்?

இனிப்பு மட்டும் காரணம் என்றால் ஸ்வீட் கடைப் பக்கமே போகாதவர்களுக்கு வரக்கூடாது. வருகிறதே.

தேவைக்கு மேல் சாப்பிடும் எதுவும், அது லட்டாக இருந்தாலும் நான்காவது தோசையாக இருந்தாலும், கடைசியில் கொழுப்பாக மாறிச் சேமிக்கப்படுகிறது. முதலில் தோலுக்கு அடியில் சேரும். அந்த இடம் ஒரு நெல் குதிர் மாதிரி. கொள்ளளவு ஆளுக்கு ஆள் மாறும். குதிர் நிறைந்த பிறகு வருவது வெளியே வழிகிறது. வழிந்த கொழுப்பு குடலைச் சுற்றியும், கல்லீரலுக்குள்ளும், தசைக்குள்ளும், கணையத்திலும் போய் உட்கார்ந்துகொள்கிறது. பிரச்சினை தொடங்குவது அங்கேதான்.

கல்லீரல் நம் உடம்பின் சர்க்கரைக் கிடங்கு. இரவில் நாம் தூங்கும்போது அது கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையை ரத்தத்தில் விடும். ‘போதும், நிறுத்து’ என்று சொல்வது இன்சுலின். கொழுப்பு ஏறிய கல்லீரல் அந்தச் சொல்லைச் சரியாகக் கேட்பதில்லை. இதைத்தான் இன்சுலின் எதிர்ப்பு என்கிறார்கள். இரவு ஒன்பது மணிக்கு இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொண்டவருக்கும் காலையில் வெறும் வயிற்றில் சுகர் 140 காட்டுவது இப்படித்தான். அந்தச் சர்க்கரை இட்லியில் இருந்து வந்தது இல்லை, கல்லீரல் இரவெல்லாம் விட்டது.

கணையம் சும்மா இருக்காது. கூடுதல் இன்சுலினைச் சுரந்து சமாளிக்கும். பல வருடம் இப்படியே ஓடும். ரத்தப் பரிசோதனையில் எல்லாம் சரியாகவே இருக்கும். இன்சுலின் கூடக்கூடக் கல்லீரல் இன்னும் கொழுப்பைச் செய்யும், அதில் ஒரு பங்கு கணையத்துக்கே போய்ச் சேரும். ஒரு கட்டத்தில் இன்சுலின் சுரக்கும் செல்கள் திணறிவிடும். சுகர் ஏறுவது அப்போதுதான் வெளியே தெரிகிறது. இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராய் டெய்லர் இந்தச் சுழற்சியை 2008-இல் விளக்கி எழுதினார். அதற்குப் பிறகு செய்த சோதனைகள் பெரும்பாலும் அவர் சொன்னதையே உறுதி செய்தன. அதைப் பற்றிக் கீழே வருகிறது.

நான் குண்டு இல்லை. தொப்பை மட்டும்தான் கொஞ்சம் இருக்கிறது. கவலைப்பட வேண்டுமா?

ஆமாம். நம் ஊரில் மிகவும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளப்படுவது இந்தத் தொப்பைதான். கை கால் மெலிந்து, முகம் ஒட்டி, வயிறு மட்டும் முன்னால் வந்திருக்கும். ‘கல்யாணம் ஆனால் எல்லாருக்கும் வருவதுதானே’ என்று விட்டுவிடுவோம்.

2004-இல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு சின்னக் கட்டுரை வந்தது. எழுதியவர்கள் புனேயைச் சேர்ந்த டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக், லண்டனைச் சேர்ந்த டாக்டர் ஜான் யட்கின். தங்கள் இருவரின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டிருந்தார்கள். இருவருக்கும் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை சரியா என்று காட்டும் எண், ஒன்றேதான்: 22.3. எந்த அட்டவணையில் பார்த்தாலும் இருவரும் சரியான எடை. ஆனால் உடம்பில் உள்ள கொழுப்பை ஸ்கேன் செய்து அளந்தபோது யட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். ஒரே எண்ணுக்குள் இரண்டு மடங்குக்கும் மேல் வித்தியாசம்.

தெற்காசியர்களின் உடல்வாகே இப்படித்தான். தசை குறைவு, கொழுப்பு அதிகம், அந்தக் கொழுப்பும் வயிற்றுப் பக்கமே சேரும். பிறக்கும் குழந்தையிலேயே இது தெரிகிறது என்று யாஜ்னிக்கின் புனே ஆய்வுகள் காட்டின. அங்குள்ள குழந்தைகள் ஐரோப்பியக் குழந்தைகளைவிட எடை குறைவாகப் பிறந்தாலும், தோலடிக் கொழுப்பு அந்த அளவுக்குக் குறைந்திருக்கவில்லை, குறைந்திருந்தது தசைதான்.

அப்படியானால் எனக்கு எவ்வளவு எடை சரி?

பிஎம்ஐ கணக்கு எளிது. எடையை கிலோவில் எடுத்து, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுக்க வேண்டும். 165 செ.மீ. உயரமும் 70 கிலோ எடையும் உள்ளவருக்கு 70-ஐ 1.65-ஆல் வகுத்து, வருவதை மறுபடி 1.65-ஆல் வகுத்தால் 25.7.

உலக அளவில் 25-க்கு மேல் அதிக எடை, 30-க்கு மேல் பருமன். இந்தியர்களுக்கு இந்திய மருத்துவர்கள் வைத்திருக்கும் கோடு வேறு: 23 தாண்டினாலே எச்சரிக்கை, 25 தாண்டினால் பருமன். மேலே சொன்ன 165 செ.மீ. ஆள் 62.5 கிலோவுக்குள் இருந்தால் நல்லது. 68 தாண்டினால் பருமன் கணக்கு. பலருக்கு இது அநியாயமாகத் தோன்றும். ஆனால் சும்மா வைத்த கோடு இல்லை. இங்கிலாந்தில் சுமார் 15 லட்சம் பேரின் மருத்துவப் பதிவுகளைப் பார்த்து 2021-இல் வெளியிட்ட ஆய்வில், வெள்ளையர்களுக்கு பிஎம்ஐ 30-இல் இருக்கும் சர்க்கரை நோய் அபாயம் தெற்காசியர்களுக்கு 23.9-லேயே வந்துவிடுவதாகத் தெரிந்தது. லண்டனிலோ டொரண்டோவிலோ வாழும் தமிழர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அங்கே கிளினிக்கில் சுவரில் மாட்டியிருக்கும் பொது அட்டவணை உங்களை ‘நார்மல்’ என்று சொல்லிவிடலாம்.

உடற்பயிற்சி செய்து தசை ஏற்றியவர்களுக்கும், வயதாகித் தசை கரைந்தவர்களுக்கும் பிஎம்ஐ சரியாகப் பொருந்தாது. அவர்கள் இடுப்பளவைப் பார்ப்பதே மேல்.

இடுப்பை எங்கே, எப்படி அளப்பது? என் பேண்ட் சைஸ் 34தான்.

பேண்ட் சைஸை மறந்துவிடுங்கள். தொப்பை வந்த ஆண்கள் பேண்ட்டை வயிற்றுக்குக் கீழே இறக்கிக் கட்டிக்கொண்டு இருபது வருடம் அதே சைஸில் ஓட்டிவிடுவார்கள்.

தையல் கடையில் இருக்கும் சாதாரண இஞ்சி டேப் போதும். காலையில், சாப்பிடுவதற்கு முன், நின்றுகொண்டு, சட்டையைத் தூக்கிவிட்டு அளக்கவும். விலா எலும்பின் கடைசி விளிம்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே டேப் வர வேண்டும். மூச்சை இயல்பாக வெளியே விட்டபிறகு பார்க்கவும். வயிற்றை எக்கக்கூடாது. ஆண்களுக்கு 90 செ.மீ., அதாவது முப்பத்தைந்தரை இஞ்ச். பெண்களுக்கு 80 செ.மீ., முப்பத்தொன்றரை இஞ்ச். இதைத் தாண்டினால் வயிற்றுப் பருமன். எண்கள் நினைவில் நிற்காது என்றால், உங்கள் உயரத்தில் பாதிக்குள் இடுப்பு இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒல்லியாக இருப்பவர்களுக்கும் வருகிறதே?

வருகிறது, பல காரணங்களால். அப்பா அம்மாவுக்கு இருந்தால் பிள்ளைகளுக்கு வாய்ப்பு அதிகம். மேலே சொன்ன மாதிரி வெளியே ஒல்லி, உள்ளே கொழுப்பு என்று இருக்கலாம். சிறு வயதில் வரும் முதல் வகை சர்க்கரை நோய்க்கும் எடைக்கும் சம்பந்தமே இல்லை. அதில் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே இன்சுலின் செல்களை அழித்துவிடுகிறது. அந்தக் குழந்தைகளைப் பார்த்து ‘சாக்லேட் தின்று வரவழைத்துக்கொண்டாய்’ என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தயவுசெய்து சொல்லாதீர்கள்.

இன்னொரு வகையும் உண்டு. சிறு வயதில் நீண்ட நாள் சத்துக்குறைவில் வளர்ந்த, மிகவும் மெலிந்த இளைஞர்களுக்கு வருவது. இவர்களுக்குக் கணையம் போதுமான இன்சுலினைச் சுரப்பதில்லை. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை மருத்துவர்கள் அமெரிக்க ஆய்வாளர்களுடன் சேர்ந்து 2022-இல் இது தனி வகை என்று காட்டினார்கள். 2025-இல் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு இதை ஐந்தாம் வகை என்று ஏற்றுக்கொண்டது. இவர்களுக்கு ‘எடையைக் குறையுங்கள்’ என்ற அறிவுரை ஆபத்து.

குண்டாக இருக்கும் எல்லாருக்கும் வந்துவிடுமா?

இல்லை. தோலடிக் குதிர் பெரிதாக அமைந்தவர்கள் நூறு கிலோவிலும் சுகர் இல்லாமல் இருப்பார்கள். அதனால் முழங்காலோ பிரஷரோ அவர்களை விட்டுவிடும் என்று அர்த்தம் இல்லை.

டாக்டர் ‘பார்டரில் இருக்கிறது’ என்கிறார். அது நோயா, இல்லையா?

வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரை, குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 140 முதல் 199 வரை, மூன்று மாத சராசரியான ஹெச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை. இதைத்தான் பார்டர் என்கிறார்கள். வெறும் வயிற்றில் 126, குளுக்கோஸுக்குப் பின் 200, ஹெச்பிஏ1சி 6.5 என்று தொட்டால் சர்க்கரை நோய்.

‘பார்டர்தானே’ என்று நிம்மதியாக வீட்டுக்கு வருவது பெரிய தவறு. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு 531 பேரை வைத்து நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு 2006-இல் வெளிவந்தது. எல்லாருமே பார்டரில் இருந்தவர்கள். வழக்கமான பொது அறிவுரையோடு விடப்பட்டவர்களில் மூன்றே வருடத்தில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. பாதிக்கும் மேல்! உணவு, நடை இரண்டிலும் தொடர்ந்து வழிகாட்டப்பட்டவர்களில் அது 39 சதவீதமாகக் குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை கொடுக்கப்பட்டவர்களுக்கும் கிட்டத்தட்ட அதே பலன்தான். இரண்டையும் சேர்த்துச் செய்ததில் கூடுதல் லாபம் ஒன்றும் இல்லை.

இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் வேறு. பலன் கிடைத்தவர்களின் எடை பெரிதாகக் குறையவே இல்லை. மெஷினில் முள் நகராததால் ‘ஒன்றும் நடக்கவில்லை’ என்று ஒரு மாதத்தில் வாக்கிங்கை நிறுத்துபவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். முள் அசையாமலேயே உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கலாம்.

சரி, எவ்வளவு எடை குறைத்தால் பலன் தெரியும்?

நினைப்பதைவிடக் குறைவாகவே போதும். அமெரிக்காவில் 3,234 பேரிடம் நடந்து 2002-இல் வெளியான தடுப்பு ஆய்வில் வைத்த இலக்கு உடல் எடையில் 7 சதவீதம், வாரத்துக்கு 150 நிமிடம் உடற்பயிற்சி. சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 58 சதவீதம் குறைந்தது. 80 கிலோ ஆளுக்கு 7 சதவீதம் என்பது ஐந்தரை கிலோ. கல்லீரல் கொழுப்பு முதலில் கரையும் இனம் என்பதால், முதல் நான்கைந்து கிலோவுக்குக் கிடைக்கும் பலன் அதிகம்.

கல்லூரி நாள் எடைக்குத் திரும்ப வேண்டும் என்று ஆரம்பிப்பவர்கள் பெரும்பாலும் பாதியில் விட்டுவிடுகிறார்கள். மாதம் ஒன்று, ஒன்றரை கிலோ என்று மெதுவாகப் போனால் தசையும் அதிகம் கரையாது.

சோற்றை விட்டுவிட்டுச் சப்பாத்திக்கு மாறினால் போதுமா?

தமிழ் வீடுகளில் சுகர் வந்தவுடன் நடக்கும் முதல் காரியம் இது. இரவில் சோறு நின்று, நான்கு சப்பாத்தி வரும். கூடவே உருளைக்கிழங்கு குருமா. இதில் என்ன குறைந்தது?

அதிகமாகச் சாப்பிடும் வெள்ளரிசிக்கும் சர்க்கரை நோய்க்கும் தொடர்பு இருப்பது உண்மைதான். 21 நாடுகளில் நடந்து 2020-இல் வெளியான ஒரு ஆய்வில், தெற்காசியாவில் ஒரு நாளைக்கு 450 கிராமுக்கு மேல் சோறு சாப்பிட்டவர்களுக்கு, 150 கிராமுக்குள் நிறுத்தியவர்களைவிட 61 சதவீதம் அதிக அபாயம் தெரிந்தது. ஆனால் கோதுமைக்கும் சிறுதானிய மாவுக்கும் மாறுவது மட்டுமே தீர்வு ஆகாது. மேலே சொன்ன நாடு தழுவிய ஆய்வின் உணவுப் பகுதி 2025-இல் வந்தது. இந்தியர்கள் சாப்பிடும் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்தில் இருந்தே வருகிறது. அந்த மொத்த அளவைக் குறைக்காமல் அரிசிக்குப் பதில் கோதுமை, கம்பு, கேழ்வரகு மாவு என்று மாற்றியதால் அபாயம் குறைந்ததாகத் தெரியவில்லை. மாவுச்சத்தில் ஒரு சிறு பங்கை எடுத்துவிட்டுப் புரதம் சேர்ப்பதோடுதான் பலன் சேர்ந்து வந்தது.

கேழ்வரகுக் கூழ் இதில் தனிக் கதை. கேழ்வரகு நல்லதுதான். அதை மாவாக அரைத்து, கரைத்து, காய்ச்சி, ஒரு சொம்பு குடித்தால் சுகர் வேகமாக ஏறும். நைசாக அரைத்த எந்த மாவும் சீக்கிரம் செரிக்கும், கூழாகக் குடித்தால் இன்னும் சீக்கிரம்.

என்னைக் கேட்டால் சோற்றை விடச் சொல்ல மாட்டேன். தட்டின் கணக்கை மாற்றினால் போதும். பாதித் தட்டு காய், கீரை, பொரியல், கூட்டு. கால் தட்டு பருப்பு, சுண்டல், முட்டை, மீன், கோழி, தயிர் என்று ஏதாவது. மிச்சக் கால் தட்டுதான் சோறு. முதலில் காயையும் பருப்பையும் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்கு வந்தால் சுகர் மெதுவாக ஏறும். சைவ வீடுகளில் புரதம் என்றால் சாம்பாரைக் காட்டுவார்கள். தண்ணியாக வைத்த சாம்பாரில் இருக்கும் பருப்பு எவ்வளவு என்று வைத்தவருக்கே தெரியும். தனியாக ஒரு கப் சுண்டலோ பாசிப்பயறோ வேண்டும். சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் மட்டும் புரத அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளவும்.

அப்புறம் டீ. ஒரு நாளைக்கு ஐந்து டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை, கூடவே பிஸ்கட்டோ வடையோ. சாப்பாட்டைப் பற்றி மணிக்கணக்கில் பேசும் பலர் இதைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் எல்லாமே சர்க்கரைதான். சுகர் மீட்டருக்கு ஊர்ப் பாசம் கிடையாது.

தினமும் வாக்கிங் போகிறேன். எடை குறையவில்லையே?

நடையால் மட்டும் எடை குறைவது கஷ்டம். அரை மணி நேர நடையில் செலவாவதை, திரும்பி வரும் வழியில் சாப்பிடும் இரண்டு வடை சரிக்கட்டிவிடும். ஆனால் நடக்கும்போது தசைகள் இன்சுலினை எதிர்பார்க்காமலேயே ரத்தத்தில் இருந்து சர்க்கரையை எடுத்துக்கொள்கின்றன. எடை குறையாவிட்டாலும் அந்த லாபம் உண்டு. சாப்பிட்டபின் பத்துப் பதினைந்து நிமிடம் நடப்பது சாப்பாட்டுக்குப் பிந்தைய சுகரை நன்றாகவே அடக்கும்.

வாரம் இரண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தண்டால் எடுப்பது, தண்ணீர் பாட்டிலைத் தூக்குவது எதுவும் சரி. நமக்குப் பிறவியிலேயே தசை குறைவு என்பதால் இது நமக்குக் கூடுதலாகவே தேவை. அறுபது வயதைத் தாண்டியவர்கள் சாப்பாட்டைக் குறைத்து மட்டும் இளைத்தால் கொழுப்போடு தசையும் போய், கீழே விழும் ஆபத்து வரும்.

முயற்சியே இல்லாமல் இளைத்துவிட்டேன். நல்லதுதானே?

இல்லை, உடனே சுகர் பாருங்கள். அடிக்கடி சிறுநீர், தாகம், களைப்பு, கூடவே எடை குறைவது என்றால் சுகர் மிகவும் ஏறியிருக்கலாம். உடம்பால் சர்க்கரையைப் பயன்படுத்த முடியாமல் கொழுப்பையும் தசையையும் கரைத்து எரிக்கிறது. ‘டயட்டா? நல்லா இளைச்சுட்டீங்களே’ என்று ஊரே பாராட்டும் நேரத்தில் சுகர் 400-இல் நிற்பதுண்டு. சுகர் நார்மல் என்றால் தைராய்டு, காசநோய், புற்றுநோய் போன்றவற்றையும் டாக்டர் தேடுவார்.

ஏற்கெனவே சர்க்கரை நோய் வந்துவிட்டது. எடையைக் குறைத்தால் போய்விடுமா?

சிலருக்கு மாத்திரை இல்லாமலேயே நார்மலுக்கு வருகிறது. ராய் டெய்லரும் கிளாஸ்கோவின் மைக் லீனும் 306 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2017-இல் வெளியானது. நோய் வந்து ஆறு வருடத்துக்குள் உள்ளவர்கள், இன்சுலின் போடாதவர்கள். பாதிப் பேருக்கு மூன்று முதல் ஐந்து மாதம் ஒரு நாளைக்குச் சுமார் 850 கலோரி மட்டும், அதுவும் சூப், ஷேக் வடிவில். ஒரு வருடம் கழித்து அவர்களில் 46 சதவீதம் பேருக்கு மாத்திரை இல்லாமல் ஹெச்பிஏ1சி 6.5-க்குக் கீழே. வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களில் அது 4 சதவீதம்தான். 15 கிலோவும் அதற்கு மேலும் குறைத்தவர்களில் 86 சதவீதம்!

ஆனால் இரண்டாம் வருட முடிவில் 46 என்பது 36 ஆகிவிட்டது. எடை திரும்பி வந்தவர்களுக்குச் சுகரும் திரும்பி வந்தது. அதனால் மருத்துவர்கள் இதைக் குணம் என்று சொல்வதில்லை. நோய் அடங்கியிருக்கிறது என்கிறார்கள். பத்து, பதினைந்து வருடமாக நோய் உள்ளவர்களுக்கு இந்த வாய்ப்பு குறைவு. அவர்களுக்கும் மாத்திரை அளவு குறையலாம், அதுவே லாபம்தான்.

‘ஒரே மாதத்தில் சர்க்கரையை விரட்டுவோம்’ என்று பொடியும் லேகியமும் விற்பவர்கள் இந்த ஆய்வைக் காட்டியே விற்கிறார்கள். அந்த ஆய்வில் பொடி எதுவும் இல்லை.

முக்கியமான ஒன்று: கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் சாப்பாட்டைச் சட்டென்று குறைத்தால் சுகர் அபாயகரமாக இறங்கி மயக்கம் வரும். மருந்தளவை முதலில் மாற்ற வேண்டும்.

சுகர் மாத்திரையாலேயே எடை கூடுகிறது என்கிறார்களே?

சில மருந்துகளால் கூடும். இன்சுலின், கிளிமிபிரைடு வகை, பயோகிளிட்டசோன் ஆகியவை எடையைச் சற்று ஏற்றக்கூடியவை. மெட்ஃபார்மின் ஏற்றாது. டாபாகிளிஃப்ளோசின் வகை கொஞ்சம் குறைக்கும். மூட்டு வலிக்கும் ஆஸ்துமாவுக்கும் நீண்ட நாள் எடுக்கும் ஸ்டீராய்டு எடை, சுகர் இரண்டையும் ஏற்றும். நீங்களாக எதையும் நிறுத்தாமல், ‘எடை ஏற்றாத மருந்துக்கு மாற முடியுமா’ என்று கேளுங்கள். கேட்டால்தான் பல டாக்டர்கள் அந்தப் பேச்சை எடுப்பார்கள்.

வாரம் ஒரு ஊசி போட்டால் எடை குறைகிறதாமே?

செமாகுளூடைடு, டிர்செபடைடு பற்றிக் கேட்கிறீர்கள். எடைக்குறைப்புக்கென்றே இரண்டும் 2025-இல் இந்தியாவுக்கு வந்துவிட்டன. குடல் சுரக்கும் ஹார்மோனைப் போல வேலை செய்து பசியை அடக்குகின்றன. வயிறு மெதுவாகக் காலியாகும். ஆய்வுகளில் செமாகுளூடைடு போட்டவர்கள் 68 வாரத்தில் சராசரியாக எடையில் 15 சதவீதம் குறைந்தார்கள். டிர்செபடைடு அதிக அளவில் 20 சதவீதத்தைத் தொட்டது. உண்மையிலேயே வேலை செய்யும் மருந்துகள்.

நிறுத்தினால்? செமாகுளூடைடு ஆய்வில் நிறுத்திய ஒரு வருடத்துக்குள், குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது. குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் பொதுவானவை. பித்தப்பைக் கல்லும் அபூர்வமாகக் கணைய அழற்சியும் வரலாம். கர்ப்பிணிகளும், குடும்பத்தில் மெடுல்லரி வகை தைராய்டு புற்றுநோய் உள்ளவர்களும் போடக்கூடாது. கல்யாணத்துக்கு முன் ஐந்து கிலோ குறைக்க அழகு நிலையத்தில் போட்டுக்கொள்ளும் ஊசி இல்லை இது.

சர்க்கரையைத் தவிர வேறு என்ன வரும்?

பிரஷர், கெட்ட கொழுப்பு, மாரடைப்பு, பக்கவாதம் எல்லாருக்கும் தெரிந்தவை. கொழுப்புக் கல்லீரல் தெரியாமல் இருப்பது. வேறு எதற்கோ எடுத்த வயிற்று ஸ்கேனில் ‘கிரேடு 1’ என்று வரும், ‘இது எல்லாருக்கும் இருக்கு’ என்று தள்ளிவிடுவார்கள். குடிக்காதவர்களுக்கும் இது முற்றி, கல்லீரல் தழும்பேறி இறுகிப்போகும் சிரோசிஸ் வரை போகலாம்.

குறட்டையைச் சிரித்து ஒதுக்க வேண்டாம். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தால் அது நோய். பகலில் தூங்கி வழிவது, பிரஷர் அடங்காமல் இருப்பது இதனால் வரலாம். முழங்காலுக்கு நல்ல செய்தி உண்டு: ஒரு கிலோ குறைத்தால் ஒவ்வொரு அடியிலும் மூட்டில் விழும் சுமை நான்கு கிலோ குறைகிறது. புற்றுநோயைப் பொறுத்தவரை, உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-இல் 13 வகைகளைப் பருமனோடு சேர்த்துச் சொன்னது. கருப்பை, பெருங்குடல், சிறுநீரகம், மாதவிடாய் நின்றபின் வரும் மார்பகப் புற்றுநோய் அதில் அடக்கம்.

கர்ப்ப காலத்தில் மட்டும் சுகர் வந்தது, பிரசவத்துக்குப் பின் சரியாகிவிட்டது. இனி பயம் இல்லையே?

பயம் வேண்டாம், மறதியும் வேண்டாம். இப்படி வந்த பெண்களுக்குப் பின்னாளில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மற்ற பெண்களைவிட ஏழு மடங்குக்கும் மேல். தமிழ்நாடு 2007-லேயே எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சுகர் சோதனையைக் கட்டாயமாக்கியது. அதில் கண்டுபிடிக்கப்படும் பெண்கள் குழந்தை பிறந்ததும் பரிசோதனைப் பக்கமே வருவதில்லை என்பதுதான் சிக்கல். பிரசவமாகி ஆறு வாரத்தில் ஒரு சோதனை, பிறகு வருடா வருடம். பிரசவத்தில் ஏறிய எடை அப்படியே தங்கிவிடாமல் பார்த்துக்கொள்வது பெரிய தடுப்பு. ‘பால் சுரக்க வேண்டும்’ என்று ஆறு மாதம் நெய்யும் லேகியமுமாக ஊட்டும் மாமியார்களிடம் இதை எப்படிச் சொல்வது என்பது வேறு பிரச்சினை.

நீர்க்கட்டி என்று சொல்லப்படும் பிசிஓஎஸ் உள்ள பெண்களுக்கும் இன்சுலின் எதிர்ப்பு அதிகம். எடையில் ஐந்து சதவீதம் குறைந்தாலே பலருக்கு மாதவிடாய் ஒழுங்காகிறது.

குழந்தை கொழுகொழு என்று இருந்தால்தானே அழகு?

ஒரு வயதில் சரி. பத்து வயதுப் பையனின் கழுத்துக்குப் பின்னாலும் அக்குளிலும் அழுக்கு மாதிரிக் கறுத்துத் தடித்திருக்கிறதா என்று பாருங்கள். தேய்த்துக் குளித்தாலும் போகாது. அது இன்சுலின் எதிர்ப்பின் அடையாளம். குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். அவனை மட்டும் பட்டினி போட்டுவிட்டு வீட்டில் மற்றவர்கள் சிப்ஸ் சாப்பிட்டால் வேலைக்கு ஆகாது.

எப்போது, எங்கே சோதித்துக்கொள்வது?

முப்பது வயது ஆனால் எல்லாரும். இடுப்பளவு தாண்டியவர்கள், பெற்றோருக்கு நோய் உள்ளவர்கள் அதற்கு முன்பே. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகப் பார்க்கிறார்கள். தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டு வந்து தருகிறார்கள்.

சோதனைக்கு முந்தின இரண்டு நாள் மட்டும் பத்தியம் இருந்துவிட்டு நல்ல ரிசல்ட் வாங்கி வருபவர்கள் உண்டு. வெறும் வயிற்றுச் சோதனையை இப்படி ஓரளவு ஏமாற்றலாம், ஹெச்பிஏ1சியை ஏமாற்ற முடியாது. ஆனால் இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை இருந்தால் ஹெச்பிஏ1சி உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். நம் பெண்களில் பலருக்கு ரத்தசோகை இருப்பதால், ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.